நிலவறைப் பட்டறையில் மரத்தூசி: எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது. வீட்டின் நிலவறையில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட சிறு மரப்பட்டறை. மேசை ரம்பம், ரவுட்டர் (சுழலும் முனையால் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கருவி), சாண்டர் (உப்புத்தாளை ஓட்டித் தேய்க்கும் கருவி) இருக்கின்றன. தூசிக்கென்று சாதாரண வாக்குவம் கிளீனர் ஒன்றுதான் உண்டு. தினமும் பெருக்கியும் மாடி அறைகளின் மேசைகளிலும் அலமாரிகளிலும் மெல்லிய தூசி படிகிறது. வேலை செய்த மறுநாள் காலையில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. கூரையில் தொங்கவிடும் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் தீருமா?

தீராது. அந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் முறை பின்னால்தான் வரும். தூசி பிறக்கும் இடத்தில் அதைப் பிடிக்க இப்போது எதுவும் இல்லை. வாக்குவம் பிடிக்கும் கொஞ்சத்திலும் மிக நுண்ணியதை அதன் ஃபில்டர் மறுபடி அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அறையில் மிதப்பதை வீட்டின் காற்றோட்டம் படிக்கட்டு வழியே மேலே ஏற்றுகிறது. இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு கூரையில் எதைத் தொங்கவிட்டாலும், உங்கள் நுரையீரலைத் தாண்டிப் போன தூசியைத்தான் அது பிடிக்கும்.

எந்தத் தூசியோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். ரம்பத்தின் அடியில் குவியும் தூளும் இழைப்புச் சுருளும் தொல்லைதான், ஆனால் அவை விழுந்த இடத்தில் கிடக்கும். 100 மைக்ரானுக்குக் கீழே போகும்போது துகள் மூச்சோடு உள்ளே வரத் தொடங்குகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். 4, 5 மைக்ரானுக்கும் சிறியவை நுரையீரலின் ஆழம் வரை போகும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒன்று 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். 5 மைக்ரான் என்றால் முக்கால் மணி நேரம். 1 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம். காற்று அசையாமல் இருக்கும் அறை எங்கும் கிடையாது. நீங்கள் நடந்தாலே அது மறுபடி எழும்பும். மாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகக்கவசத்தைக் கழற்றும் நேரத்தில், அன்றைய நுண்தூசியில் பெரும்பகுதி இன்னும் காற்றில்தான் இருக்கிறது. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினால் படிந்ததும் எழும்பி அதோடு சேர்ந்துகொள்ளும். பெருக்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அளவையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2.4 மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பலகையை நீளவாக்கில் ஒருமுறை அறுக்கிறீர்கள். ரம்பத்தின் பல் 3 மில்லிமீட்டர் அகலம் தின்கிறது என்றால், 144 கன சென்டிமீட்டர் மரம் தூளாகிறது. மரத்தைப் பொறுத்து அது சுமார் 80, 90 கிராம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூசிக்கு 2023 ஜனவரியிலிருந்து விதித்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பது 1 மில்லிகிராம்தான். உங்கள் அறையின் உயரம் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் 53 கன மீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்று முழுவதையும் 2 மில்லிகிராம் நிலைக்குக் கொண்டுவர வெறும் 106 மில்லிகிராம் தூசி மிதந்தால் போதும். ஒரே அறுப்பில் விழும் தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றில் தங்கினாலே ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்துவிடுகிறோம். தொட்டியில் குவிந்திருக்கும் தூளைப் பார்த்து "நிறையப் பிடித்துவிட்டது" என்று நிம்மதி அடைய முடியாதது இதனால்தான்.

உடல்நலம் பற்றி, பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூசியை முதல் வகையில் சேர்த்தது. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ளவற்றின் வகை அது. அதற்கு வித்திட்டது இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரம். நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன அந்தப் பகுதியில், மூக்கின் உள்ளறைகளில் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளரிடம் வழக்கத்துக்கு மாறாக அதிகம் தென்படுவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுவதும் அந்தத் தூசியில் நின்றவர்கள். வார இறுதியில் சில மணி நேரம் வேலை செய்பவருக்கு ஆபத்து அந்த அளவில் இல்லை. ஆனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. வெஸ்டர்ன் ரெட் சீடார் மரத்தில் உள்ள பிளிகாடிக் அமிலம் ஆஸ்துமா உண்டாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. ஈட்டி, தேக்கு போன்றவை சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். ஒருமுறை உடல் ஒரு மரத்துக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே போதும். உங்கள் மூக்கடைப்பு உடலின் முதல் முறையீடு. அதோடு இரவில் இருமலோ மூச்சிரைப்போ சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். எந்த மரத்தில் வேலை செய்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி பிடிப்பது பற்றி. இங்கே காற்றின் ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விளக்கை ஒரு கை தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே இழுத்து அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரு திசையில் பாயும், உறிஞ்சும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். அதனால் உறிஞ்சு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவே விலகினாலும் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடுகிறது. 100 மில்லிமீட்டர் குழாயை ரம்பத்துக்குப் பக்கத்தில் "கிட்டத்தட்ட" வைத்தால் ஏன் பயனில்லை என்பது இப்போது புரியும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பல் எறியும் துகளை அந்த மெல்லிய இழுப்பு திருப்பாது. துகள் தானாகப் பறக்கும் பாதையில் குழாயின் வாயை வைக்க வேண்டும், இயன்றவரை அதைச் சுற்றி மூட வேண்டும். பெரிய மோட்டார் வாங்குவதைவிட ஒரு பிளைவுட் மூடி செய்து சந்துகளை அடைப்பது பெரும்பாலும் அதிகப் பலன் தருகிறது.

வாக்குவம் கிளீனரும் டஸ்ட் கலெக்டரும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. வாக்குவத்தின் இழுக்கும் அழுத்தம் மிக அதிகம், ஆனால் அது நகர்த்தும் காற்று குறைவு. சிறிய குழாய் வழியே மணிக்கு 200 கன மீட்டரைத் தாண்டுவது அரிது. டஸ்ட் கலெக்டரில் பெரிய விசிறி, குறைந்த அழுத்தம், நிறையக் காற்று. சாண்டருக்கும் கையடக்க ரவுட்டருக்கும் வாக்குவமே சரியான துணை, ஏனென்றால் அவற்றின் தூசி வாய் சிறியது, வெட்டும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது. மேசை ரம்பத்துக்கு மணிக்கு 600 கன மீட்டராவது வேண்டும், பலகையைச் சீவித் தடிமன் குறைக்கும் பிளேனருக்கு அதற்கும் மேல். டஸ்ட் கலெக்டரின் நீண்ட சிறு குழாயைச் சாண்டரில் மாட்டினாலும் தோல்விதான்; அவ்வளவு ஒடுக்கமான வழியில் அதற்குக் காற்றை இழுக்கும் வலு இல்லை. உங்களிடம் மூன்று இயந்திரம்தான் என்பதால், இரண்டு கருவியையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் வாக்குவத்தைச் சீர்செய்யுங்கள்.

சீர்செய்வது என்றால், அதில் ஹெபா தர ஃபில்டரும் உள்ளே துணிப்பையும் போடுவது. ஹெபா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் தரம். பையில்லாமல் நேரடியாகத் தூள் விழும் வாக்குவத்தில் எந்த ஃபில்டரும் ஓரிரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். உறிஞ்சல் குறையும், நீங்கள் ஃபில்டரைத் தட்டுவீர்கள், பிடித்த நுண்தூசி மொத்தமும் முகத்துக்கு நேரே எழும்பும். இடையில் ஒரு சிறு சைக்ளோன் பிரிப்பானை வைத்தால், காற்று சுழன்று கனமான தூளை வாளியில் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பும். வாளி மூடியில் பொருத்தும் எளிய வகையே போதும். சிறிய பட்டறைக்குச் செலவுக்கேற்ற பலன் இதைவிட அதிகமாகத் தரும் பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டஸ்ட் கலெக்டருக்கும் இதே எச்சரிக்கை உண்டு, இன்னும் கடுமையாக. விலை குறைந்த இயந்திரங்களோடு வரும் துணிப்பை 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும். அதாவது, எந்தத் தூசி உங்களுக்குக் கெடுதலோ அதை அது வடிகட்டாமல் உயரத்திலிருந்து அறை முழுவதும் தூவும். மூடிய நிலவறையில் அப்படியொரு இயந்திரத்தை ஓட்டுவதைவிட ஓட்டாமலிருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. தரை பளிச்சென்று இருக்கும், காற்று கெட்டிருக்கும், கண் ஏமாந்துவிடும். 1 மைக்ரான் அல்லது அதற்கும் நுண்ணிய மடிப்பு ஃபில்டர் உள்ளதை வாங்குங்கள், அல்லது இருக்கும் இயந்திரத்துக்கு அந்த ஃபில்டரை மாற்றுங்கள். கழிவுப் பையை மாற்றும் நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம். அப்போது முகக்கவசம் கட்டாயம், மாடிக் கதவு மூடியிருக்க வேண்டும், முடிந்தால் அந்த வேலையை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் இழுக்கும்போது விட்டத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தூளைத் தூக்கிச் செல்லக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் 100 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 565 கன மீட்டர் போகும். 150 மில்லிமீட்டர் குழாயில் 1270. நெளிநெளியான வளைகுழாயில் உராய்வு வழவழப்பான குழாயைவிடப் பல மடங்கு என்பதால் அது கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் இருக்கட்டும். ஒரே தொண்ணூறு பாகைத் திருப்பத்துக்குப் பதில் இரண்டு நாற்பத்தைந்து. இணைப்புகளில் அலுமினிய ஒட்டுப்பட்டை. பயன்படுத்தாத கிளைகளுக்கு அடைப்புக் கதவு. இதற்குமேல் குழாய் பற்றி ஆராய்ந்து மாதங்களைக் கழிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிறிய அறையில் இயந்திரத்தைச் சக்கரத்தில் வைத்து, கலெக்டருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுவந்து, இரண்டு மீட்டர் குழாயில் வேலையை முடிப்பதே எல்லா வரைபடங்களையும்விடச் சிறந்தது.

இயந்திரவாரியாகச் சில. மேசை ரம்பத்தில் கீழ்ப்பெட்டியின் ஓட்டைகளை அடைத்து, அடியில் உறிஞ்சினாலும் பலகைக்கு மேலே தெறிப்பது அப்படியே இருக்கும். மேலே, ரம்பத் தட்டை மூடும் உறிஞ்சு வாயுள்ள காப்பு வேண்டும். அது கைக்கும் பாதுகாப்பு என்பதால் இரட்டை நியாயம். ஓரத்தை மட்டும் சீவும் அறுப்பில் தூசி பாதி வெளியே பறக்கும், அதற்கு முழுத் தீர்வு இல்லை. அத்தகைய அறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ரவுட்டரைக் கையில் பிடித்து ஓட்டுவதைவிட, அடைத்த பெட்டியுள்ள ரவுட்டர் மேசையில் பொருத்தி, பெட்டிக்கு ஒரு குழாயும், பலகையை அணைத்துத் தள்ளும் வேலியின் பின்னால் ஒரு குழாயும் கொடுத்தால் தூசி மிகவும் குறையும். பின்னாளில் சரிவு அறுப்பு ரம்பம் (மைட்டர் சா) வாங்கும் எண்ணமிருந்தால், அதன் தூசியைப் பிடிப்பது எல்லாவற்றிலும் கடினம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அதன் பின்னால் கூடு போன்ற அகலமான பெட்டி கட்டி, அதன் அடியில் பெரிய குழாய் வைப்பது ஓரளவு உதவும்.

சாண்டர் பற்றி நீளமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டு மேசைமீது படிவதில் பெரும்பங்கு அதனுடையதாகவே இருக்கும். ரம்பம் தூள் செய்கிறது. சாண்டர் தூசியையே செய்கிறது. அதனுடன் வரும் சிறு துணிப்பை வெறும் ஒப்புக்குத்தான். ஹெபா வாக்குவத்தில் இணைத்து, வலைபோல் துளைகள் நிறைந்த தேய்ப்புத் தாளைப் போட்டால் மாற்றம் அன்றே தெரியும். தாளின் முழுப் பரப்பிலும் காற்று போவதால் தூசி சேராது, தாளும் நீண்ட நாள் உழைக்கும். உறிஞ்சல் மிக அதிகமாக இருந்தால் சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு வட்டக் கீறல் போடும். குழாயில் காற்றுத் திறப்பு இருந்தால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். கையால் உப்புத்தாள் போடுவதைப் பலர் தூசியில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். உறிஞ்சல் எதுவும் இல்லாததால், முகத்துக்கு இவ்வளவு அருகில் நடப்பதால், அது இணைத்த சாண்டரைவிட மோசம். உறிஞ்சு வாயுள்ள கைக்கட்டையும் கிடைக்கிறது.

அதைவிட நல்ல வழி, தேய்க்கும் வேலையையே குறைப்பது. கூர் தீட்டிய இழைப்புளி மரத்தைச் சுருளாக எடுக்கிறது. சுருள் காற்றில் மிதப்பதில்லை. மெல்லிய எஃகுச் சுரண்டு தகட்டைச் சரியாகத் தீட்டினால் உப்புத்தாளின் பல படிகளைத் தாண்டிவிடலாம். தட்டையான மேசைப் பலகை, விளிம்பு, இணைப்பு மட்டமாக்கல் ஆகிய மூன்றிலும் இழைப்புளியைப் பழகிக்கொண்டால் உங்கள் பட்டறையின் தூசி கணிசமாகக் குறையும், பலகையின் முகமும் இன்னும் தெளிவாக வரும். ரம்பத் தட்டையும் ரவுட்டர் முனையையும் கூராக வைத்திருப்பதும் இதே கணக்கில் சேரும்; மழுங்கிய பல் மரத்தை வெட்டாமல் அரைக்கிறது. எம்டிஎஃப் பலகைக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. அதன் இழைகள் ஏற்கெனவே அரைக்கப்பட்டவை என்பதால் எப்படி வெட்டினாலும் மாவுபோல் பறக்கும், பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு பசையும் கூடவே வரும். எம்டிஎஃப் வேலையை வெளியே செய்ய இடமிருந்தால் வெளியே செய்யுங்கள்.

இப்போது நிலவறைக்கே உரிய சிக்கல். தோட்டக் கொட்டகையில் பட்டறை வைத்திருப்பவருக்கு இது இல்லை. வெளியைவிட உள்ளே வெப்பமாக இருக்கும் காலத்தில் வீட்டின் வெப்பக் காற்று மேலேறி மேல்தளச் சந்துகள் வழியே வெளியேறும், அந்த இடத்தை நிரப்ப நிலவறைக் காற்று மேலே இழுக்கப்படும். நீங்கள் எதுவும் செய்யாமலே வீடு உங்கள் பட்டறையிலிருந்து மூச்சு வாங்குகிறது. வீட்டை வெப்பப்படுத்தும் அல்லது குளிரூட்டும் மையக் கருவி நிலவறையிலேயே இருந்தால், அதன் உள்வாங்கு குழாயின் ஒவ்வொரு விரிசலும் தூசியை வாங்கி எல்லா அறைகளுக்கும் பங்கிடும். ஆகவே படிக்கட்டுக் கதவுக்கு நான்கு பக்கமும் ரப்பர்ப் பட்டை, அடியில் துடைப்புப் பட்டை. பட்டறைக்குள் இருக்கும் உள்வாங்கு வலையை மூடிவிடுங்கள், குழாய் இணைப்புகளை ஒட்டுங்கள். கூரையில் குழாயும் கம்பியும் மேலே போகும் ஓட்டைகளையும் அடையுங்கள். பட்டறைக்குத் தனிச் செருப்பு, தனி ஏப்ரன். படியேறும் முன் உடையின் மேல் ஒருமுறை வாக்குவம். துவைத்த துணியை அங்கே உலர்த்தவே கூடாது.

சன்னலில் ஒரு விசிறி வைத்துத் தூசியை வெளியே தள்ளிவிடலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் ஓர் உயிராபத்து அதில் ஒளிந்திருக்கிறது. மணிக்கு 1000 கன மீட்டர் வெளியே தள்ளும் விசிறி உங்கள் அறையின் காற்றை ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது முறை மாற்றும். அந்தக் காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். நிலவறையில் எரிவாயு நீர்ச்சூடாக்கியோ அடுப்போ இருந்தால், அதன் புகைபோக்கி வழியே காற்று தலைகீழாக இறங்கி, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிரம்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியேற்றும் விசிறியோ, வெளியே ஊதும் டஸ்ட் கலெக்டரோ வைப்பதானால், அது தள்ளும் அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர எதிர்ப்புறச் சன்னலைத் திறந்துவையுங்கள். எரியும் கருவி இருக்கும் பகுதியைச் சுவர் வைத்துப் பிரித்து, அதற்குத் தனிக் காற்றுவழி கொடுங்கள். அந்தக் கருவிக்குக் காற்று தரும் திறப்பைத் தூசிக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று நிலவறையிலும் ஒன்று படுக்கையறைப் பக்கத்திலும் இருக்கட்டும். மண்ணிலிருந்து கதிரியக்கமுள்ள ரேடான் வாயு வரும் பகுதிகளில், நிலவறையின் அழுத்தம் குறைந்தால் அதுவும் கூடுதலாக உள்ளே வரும். இத்தனை நிபந்தனைகளும் நிறைவேறினால், வெளியே தள்ளுவதைவிடச் சுத்தமான வழி கிடையாது. எந்த ஃபில்டரும் அதற்கு இணையாகாது.

அப்புறம்தான் நீங்கள் கேட்ட காற்றுச் சுத்திகரிப்பான். பிடிபடாமல் தப்பிய தூசியை அது மெல்ல மெல்ல வடிக்கும். அறையின் காற்றை மணிக்குப் பத்து முறை வடிகட்டும் திறன் இருந்தால் நல்லது. உங்கள் அறைக்கு அது 530 கன மீட்டர். புதிதாகத் தூசி எழும்பாத நிலையில், காற்றில் இருப்பதில் 99 விழுக்காட்டை நீக்க அதற்கு அரை மணி நேரம் வேண்டும். ஆகவே வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ரிச்சர்டு கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இருவர் 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில் பரவலாக்கிய அமைப்பு ஒன்று உண்டு. மெர்வ் 13 என்ற வடிகட்டும் தரமுள்ள நான்கு அல்லது ஐந்து மடிப்பு ஃபில்டர்களைப் பெட்டியாகச் சேர்த்து ஒட்டி, மேலே ஒரு சதுர விசிறியை வெளிப்பக்கம் ஊதும்படி வைப்பதுதான் அது. மரவேலை தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. ஃபில்டர் பரப்பு அதிகம் என்பதால் கடை இயந்திரங்கள் பலவற்றோடு போட்டி போடும். எதை வைத்தாலும் தூசி பிறக்கும் இடத்துக்கும் கருவிக்கும் நடுவில் நீங்கள் நிற்காதபடி வையுங்கள். இல்லாவிட்டால் அது தூசியை உங்கள் முகத்தின் வழியாகத்தான் இழுத்துப் போகும்.

முகக்கவசத்தை இவ்வளவு தள்ளிப் பேசினாலும் வாங்குவதில் அதுதான் முதல். மேலே சொன்னதெல்லாம் அமையும்வரை உங்களைக் காப்பது அது ஒன்றே. அறுவைச் சிகிச்சைக் கவசமும் துணியும் போதாது, ஓரத்தில் காற்று நுழையும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 குறைந்தபட்சம். அடிக்கடி சாண்டர் ஓட்டுபவருக்கு ரப்பர் அரைமுகக் கவசத்தில் பி100 ஃபில்டர் போடுவது இன்னும் நல்லது. முகத்தில் நன்றாகப் பொருந்தும், மூச்சுவிடவும் எளிது. தாடி இருந்தால் இவை எதுவும் ஒட்டாது. மோட்டார் வைத்து வடிகட்டிய காற்றை முகத்துக்கு ஊதும் தலைக்கவச வகைதான் அவர்களுக்கு வழி. இயந்திரம் நின்றதும் கழற்றிவிடாதீர்கள். காற்று தெளிய அரை மணி நேரம் ஆகும் என்று மேலே பார்த்தோம், அதுவரை கவசம் முகத்தில் இருக்க வேண்டும், அல்லது நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

சுத்தம் செய்வது வாக்குவத்தாலும் ஈரத்துணியாலும் மட்டுமே. கம்ப்ரசர் காற்றால் பலகையையும் உடையையும் ஊதுவது பெருக்குவதைவிடக் கெடுதல். சிமென்ட் தரையே உதிர்ந்து தன் பங்குக்குத் தூசி தரும், அதில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவும் உண்டு. தரைக்குப் பூச்சு அடித்துவிட்டால் அது நிற்கும், துடைப்பதும் எளிதாகும். திறந்த கூரை உத்தரங்களின் மேல்பக்கம் யார் கண்ணிலும் படாத தூசிக் கிடங்கு. மேல்தளத்தில் ஒருவர் நடந்தாலே அங்கிருந்து உதிரும். பலகையோ பிளாஸ்டிக் தாளோ அடித்து மூடிவிடுங்கள். திறந்த அலமாரிகளுக்குக் கதவு போடுங்கள். ஈரப்பதம் நீக்கும் கருவி இருந்தால் அதன் ஃபில்டரையும் சுருளையும் அடிக்கடி பாருங்கள். தூசி அடைத்த கருவி ஈரத்தை எடுக்காது, ஈரமான மரத்தூசியில் பூஞ்சை பிடிக்கும்.

தீயையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பட்டறையின் காற்றில் தூசி வெடிக்க ஒரு கன மீட்டருக்குப் பல பத்துக் கிராம் வேண்டும். எதிரே நிற்பவர் தெரியாத அடர்த்தி அது, சாதாரண வேலையில் வராது. உண்மையான ஆபத்து குவிந்த தூளில் விழும் பொறி. இரும்பு அறுக்கும், தீட்டும் இயந்திரத்தை மரத்தூள் இருக்கும் கலெக்டரோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். பொறி பைக்குள் பல மணி நேரம் கனன்று, எல்லோரும் தூங்கிய பிறகு எரியும். பழைய பலகையில் ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோகத் தகரத்தில் மூடிவையுங்கள். எண்ணெயோ வார்னிஷோ பூசியதைத் தேய்த்த தூசியும் இதே குணமுடையது, அந்தப் பையை அன்றே வெளியேற்றுங்கள்.

சில வேலைகளை எந்தக் கருவி இருந்தாலும் நிலவறைக்குள் செய்யவே வேண்டாம். பழைய பெயின்ட் அடித்த கதவு, சன்னலைத் தேய்ப்பது முதலாவது. அதில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் தூசிக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலவை ஏற்றிய பழைய வெளிப்புற மரம் இன்னொன்று. சிமென்ட் பலகையும் ஓடும் அறுப்பது மூன்றாவது; சிலிக்கா தூசி மரத்தூசியைவிடக் கொடியது.

கடைசியாக, காற்றில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகளை அளக்கும் ஒரு சிறிய பிஎம் 2.5 மானி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் எண் துல்லியமானது அல்ல, ஏற்ற இறக்கத்தைக் காட்டினால் நமக்குப் போதும். முதல் வாரம் எதையும் மாற்றாமல், பட்டறையிலும் படிக்கட்டின் மேல் முனையிலும் மாறி மாறி வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் எண் எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவுப் பட்டை, வாக்குவத்தின் ஃபில்டர், சாண்டர் இணைப்பு என்று ஒன்றொன்றாக மாற்றி அதே வேலையை மறுபடி செய்து பாருங்கள். எண் இறங்காத மாற்றத்தின் மேல் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். இந்தக் குறிப்புகள் கையில் இருந்தால், டஸ்ட் கலெக்டர் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா, கூரையில் தொங்கவிடும் கருவி தேவையா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.